ஆறிய தட்டில் முளைத்த ஊசி

உலை வெடித்த மறுவாரம், தம்பியைப் பார்க்க ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆலை மேலாளரை அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். சும்மா ஒப்புக்கு இல்லை. கண்ணில் நீரோடு, மனசார.

மேலாளருக்கு ஆலைக்குள் 'சர்க்கரை' என்று பெயர். வேலையை விட்டு நிறுத்துகிற ஆளிடம்கூட "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். அன்றைக்கும் அப்படித்தான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தம்பியின் முழங்கையில், துணிக்கட்டு இல்லாத இடமாகப் பார்த்துக் கை வைத்தார்.

"தெரியாமப் பண்ணிட்டே தம்பி. நைட்ரஜன் விட்டு உள்ள இருக்கிற ஹைட்ரஜனை வெளியேத்தாம கதவைத் திறந்துட்டே. யாருக்கும் நடக்கிறதுதான். கம்பெனி உன்மேல கேஸ் எதுவும் போடாது, நான் பார்த்துக்கிறேன்."

தம்பிக்குக் கண் இரண்டும் போயிருந்தன. கைகளில் விரல் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. அன்று கையுறையை மாட்டியது வரைக்கும் அவனுக்கு நினைவிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை, சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி. அந்தக் காலி இடத்தில் மேலாளர் சொன்னது போய் உட்கார்ந்துகொண்டது.

"நான்தான் திறந்தேனா சார்?"

"விடுப்பா. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

அந்த வெடிப்பில் தம்பியோடு நின்ற மூத்த தொழிலாளி செத்துப்போனார். எல்லோரும் அவரை மீசைக்காரர் என்பார்கள். தம்பிக்கு உலையைப் பழக்கியதே அவர்தான். வீடும் எதிர்வீடு. தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, மீசைக்காரரின் மனைவி தன் வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி, "என் புருஷனைக் கொன்னுட்டு நீ மட்டும் வந்துட்டியா?" என்று கேட்டாள். அதன்பிறகு தெருப்பக்கத்து அறைக்கே அவன் வருவதில்லை. பின்னறையில், சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பார்வை இல்லாதவனுக்குச் சுவரானால் என்ன, ஜன்னலானால் என்ன என்று அவன் மனைவி ஒருநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அவன் தடவிப் பார்த்து மறுபடி சுவர்ப்பக்கமே திருப்பிக்கொண்டான்.

அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. பொடியோ கல்லோ உலோகமோ, எது வந்தாலும் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அதற்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று சொல்வாள். அங்கே அவளை 'எக்ஸ்ரேக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பில் கெட்டிக்காரி, கோபத்தில் இன்னும் கெட்டிக்காரி. ஆனால் அந்த மாதங்களில் அவளுக்குக் கோபப்பட ஆளே கிடைக்கவில்லை. தவறு செய்தவன் தம்பி என்றால் யார்மேல் கோபப்படுவது?

ஆள் கிடைத்தது ஒரு தகர டப்பாவில்.

ஆலையின் வேன் டிரைவர்தான் கொண்டுவந்தான். வாடிக்கையாகப் பொடிகளைச் சோதனைக்குக் கொண்டுவருகிறவன், தம்பிக்கும் சிநேகிதன். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"என்னடா?"

"அக்கா, இது அந்த உலையோடதுதான். வெடிச்சப்ப குளிர்ற பக்கத்துல இருந்த தட்டுங்க அப்படியே சேதமில்லாம இருந்துச்சு. அதை விக்கப் போறாங்களாம். வாங்கறவங்க எக்ஸ்ரே ரிப்போர்ட் கேட்டாங்களாம். வேற யாராச்சும் பண்ணட்டும்னா பண்ணட்டும்க்கா. உன் கையில குடுக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"வெச்சுட்டுப் போ. பொடி என்னடா பாவம் பண்ணுச்சு?"

தம்பியின் உலை நீளமான குழாய் மாதிரி. ஒரு முனையில் மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடு தட்டுத் தட்டாக உள்ளே போகும். எதிர்முனையிலிருந்து ஹைட்ரஜன் வரும். வெப்பத்தில் ஹைட்ரஜன் பொடியிலிருந்து ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். மஞ்சள் நீலமாகும், நீலம் ஊதாவாகும், ஊதா பழுப்பாகும், கடைசியில் சாம்பல் நிறத்தில் சுத்தமான டங்ஸ்டன் உலோகம். அது தண்ணீர் ஓடும் உறைக்குள் நகர்ந்து, ஆறி, கதவுக்கு வரும். ஆகவே ஆறின தட்டில் சாம்பல் நிறம் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

அவள் டப்பாவைத் திறந்தாள். சாம்பல்தான். ஆனால் மேலே, பூஞ்சை பூத்த மாதிரி, மெல்லிய ஊதா.

சாமானை எக்ஸ்ரே கருவியில் ஏற்றினாள். கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. உலோகத்தின் கோடுகளுக்கு நடுவே, தனியாக, ஊதா ஆக்சைடின் கோடு. பிறகு கொஞ்சம் எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாள். திரையில் ஊசிகள். கட்டுக்கட்டாக, முள்ளம்பன்றி சிலிர்த்தாற்போல் நீளநீளமான ஊசிகள்.

அவை ஏன் ஊசியாக வளர்கின்றன என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் ஆக்சைடில் ஒவ்வொரு டங்ஸ்டன் அணுவும் ஆறு ஆக்சிஜன்களால் ஆன ஒரு குட்டிக் கூட்டின் நடுவில் இருக்கும். கூடுகள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு நிற்கும். ஆக்சிஜனை எடுத்தால் அந்த இடம் ஓட்டையாக நிற்பதில்லை. கூடுகள் ஒன்றையொன்று நெருக்கி, விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொள்கின்றன. ஊதாவுக்கு வரும்போது அந்த நெருக்கத்தில் ஐங்கோணத் தூண்கள் உருவாகிவிடும். தூண் எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசையிலேயே படிகம் ஓடி ஓடி வளரும். அதனால்தான் ஊசி.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தது அது இல்லை. ஊசி வளர இரண்டு வேண்டும். ஒன்று, நல்ல வெப்பம். இன்னொன்று, ஈரம். அதுவும் மணிக்கணக்கில். இந்தத் தட்டுகளோ வெடித்தபோது குளிர்ந்த பகுதியில் இருந்தவை. அங்கே ஊசி முளைக்காது. வெப்பப் பகுதியின் கடைசியில் இருந்தபோதே முளைத்திருக்க வேண்டும். அதாவது, உலோகமாகி முடிந்த பொடிமேல் எங்கிருந்தோ காற்று வந்து, ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியாகி, அந்த நீராவி உலோகத்தைத் தின்று ஊசியாக்கியிருக்கிறது. கதவின் பக்கமிருந்து. தம்பி வேலைக்கு வருவதற்கு முந்தின ஷிப்டிலேயே.

கதவு இடுக்கைக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம், அந்தக் கேஸ்கெட், கசிந்திருக்கிறது. காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எங்கோ சேர்ந்து, ஒரு பொறியில் வெடித்திருக்கிறது. கதவு திறந்ததால் வெடிக்கவில்லை. வெடித்ததால் கதவு திறந்தது.

அவள் முதலில் நினைத்தது தம்பியை இல்லை. தான் கும்பிட்ட கைகளை. எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். அன்றிலிருந்து அவள் வாயில் 'அவர்' போய் 'அவன்' வந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே வெடிப்பை விசாரிக்கிற அரசாங்க அதிகாரியிடம் ஓடியிருப்பாள். அவளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள். அங்கேயே நின்றாள். இப்போது கொடுத்தால் என்ன சொல்வான்? தட்டு மாறிவிட்டது என்பான். உலையின் முன்பக்கத்திலிருந்து எடுத்த பொடி, அங்கே ஊதா இருப்பது சகஜம்தானே என்பான். வாயில் சர்க்கரை இருக்கிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? அவனுடைய வாயாலேயே அவனைக் கட்ட வேண்டும்.

திரும்பி வந்து போன் எடுத்தாள்.

"சார், நான் லேப்ல இருந்து. தம்பியோட அக்கா."

"அடடே, சொல்லுங்கம்மா. தம்பி எப்படி இருக்கான்?"

"இருக்கான் சார். உங்க சாம்பிள்ல லேசா ஊதா இருக்கு. ரொம்பக் கம்மிதான். ஆனா இது உலையோட முன்பக்கத்துப் பொடியா இருந்தா என்னால நல்ல ரிப்போர்ட் குடுக்க முடியாது. குளிர்ற பக்கத்துதுதான்னா, மேலாப்ல ஒட்டுன தூசின்னு விட்டுடலாம். எதுன்னு நீங்க எழுதி அனுப்பினீங்கன்னா..."

"குளிர்ற பக்கத்துதுதாம்மா! நானே கூட நின்னு எடுக்க வெச்சேன். வெடிச்ச அன்னிக்கே சீல் வெச்சது, ஒருத்தர் கை படல. எழுதியே அனுப்பிடறேன்."

அன்று மாலைக்குள் கையெழுத்தோடு தாள் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, வெகுநாளைக்கப்புறம், ஒரு டீ வாங்கி முழுசாகக் குடித்தாள்.

விசாரணை அடுத்த வாரம். அதிகாரி கண்டிப்பான அம்மாள். அக்கா பார்வையாளர் வரிசையில், தம்பி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலாளர் நிதானமாகச் சொன்னான்: கேஸ்கெட் எல்லாம் நல்ல நிலையில் இருந்தது, அன்று காலை வரை உலை எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது, பையன் கதவைத் திறந்ததுதான் காரணம், அவன்மேல் தனக்குக் கோபம் இல்லை, பாவம், இளவயசு.

தம்பி மனைவி அழுதாள். "அண்ணி, இவரு ஒருத்தராவது அவரைத் திட்டாம பேசறாரே."

"பேசட்டும்," என்றாள் அக்கா. "நல்லாப் பேசட்டும். இன்னும் கொஞ்சம் பேசட்டும்."

மறுநாள் அவள் ஆலைக்குப் போனாள். மேலாளரின் அறையில் கண்ணாடிக் கதவு. வெளியே உலைகளின் இரைச்சல். அவள் நுண்ணோக்கியில் எடுத்த படத்தை மேசைமேல் வைத்தாள். அதற்குக் கீழே, அவன் எழுதி அனுப்பிய தாளை வைத்தாள்.

அவனும் வேதியியல் படித்தவன்தான். படத்தைப் பார்த்தான். கீழே அவன் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். காதோரத்திலிருந்து முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஹைட்ரஜன்லயே ஈரம் இருந்திருக்கலாம்மா..."

"இருந்திருந்தா அடியில உலோகமே ஆகியிருக்காது. அடியில சுத்தமான டங்ஸ்டன் இருக்கு. தோல்ல மட்டும்தான் ஊசி. முழுசா வெந்ததுக்கப்புறம் யாரோ தண்ணி தெளிச்ச மாதிரி. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவன் கதவைச் சாத்தினான். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"என் தம்பி தினமும் தன்னைத் தானே கொன்னுக்கிட்டு இருக்கான். நான் சொன்னா, அக்கா ஆறுதலுக்குச் சொல்றாம்பான். நீ சொன்னதைத்தான் அவன் நம்பியிருக்கான். நீயே வந்து மாத்திச் சொல்லு."

'நீ' என்றதை அவன் கவனித்தான்.

"சொன்னா இந்தப் படம் வெளிய போகாதே?"

"போகாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். குரல் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருப்பா, உக்காரு." சர்க்கரைக் குரலில் இனிப்பு இல்லை. "ஒண்ணு சொல்லணும். நீ கதவைத் திறக்கல."

தம்பி தலையைச் சாய்த்தான், காது சரியாகக் கேட்காதவன் போல.

"கேஸ்கெட் தேஞ்சு போயிருந்துச்சு. ஹைட்ரஜனையும் நான் குறைச்சு விடச் சொல்லியிருந்தேன். உலையை நிறுத்தினா ஆர்டர் போயிடும்னு... இன்னும் ஒரு வாரம் ஓட்டிடலாம்னு நினைச்சேன். உள்ள அழுத்தம் குறைஞ்சு வெளிக்காத்து உள்ள போயிருக்கு. நீ ஒண்ணும் பண்ணல."

"நான் திறக்கலயா?"

"இல்ல."

தம்பி அழவில்லை. அந்த விரல் இல்லாத கையை மேலே தூக்கி, எதையோ தேடுவதுபோல் காற்றில் அசைத்தான். மேலாளர் அதைப் பிடிக்கப் போனான். அக்கா நடுவில் வந்து நின்றாள்.

அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. மீசைக்காரர் மனைவி வெளியே வந்தாள். அவளை அக்காதான் காலையிலேயே பின்வாசல் வழியாகக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாள். "எதுக்கு நான் இந்த வீட்டுக்கு வரணும்?" என்று எரிந்து விழுந்தவளை, "கேட்டுட்டு அப்புறம் எங்க மூஞ்சில துப்பு" என்று சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

மேலாளர் அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

மீசைக்காரர் மனைவி கத்துவாள், அடிப்பாள் என்றுதான் அக்கா எதிர்பார்த்தாள். கொஞ்சம் ஆசையும் பட்டாள். அவளோ மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கசியுதுன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

அவன் வாசலைப் பார்த்தான்.

"தெரியுமான்னு கேக்கறேன்."

"அவர்தாம்மா எங்கிட்ட வந்து சொன்னாரு. ரெண்டு தடவை."

அவள் தலையாட்டினாள். பிறகு நடந்து போய்த் தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறந்ததும் திறக்காததுமாக, படங்களையும் எக்ஸ்ரே கோடுகளையும் அவன் கையெழுத்துத் தாளையும் அக்கா விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தாள். கூடவே மீசைக்காரர் மனைவியும் போனாள், ஞாயிற்றுக்கிழமை காதால் கேட்டதைச் சொல்ல.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அவனுடைய வக்கீல் ஊசிகளை ஒரு பிடி பிடித்தார். வெடித்த பிறகு காற்றுப் பட்டு வந்திருக்கலாமே என்றார். "ஆறின உலோகம் காத்துல சும்மா இருந்தா ஊசி முளைக்காதுங்க. முளைக்கும்னா குண்டு பல்புக்காகக் கடையில சுருள் சுருளா வெச்சிருக்கிற டங்ஸ்டன் கம்பி எல்லாத்துலயும் முளைச்சிருக்கணும்" என்றாள் அக்கா. நீதிபதி குனிந்து சிரிப்பை அடக்கினார்.

இடைவேளையில், தாழ்வாரத்தில் அவன் அவள் எதிரே வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"சத்தியம் பண்ணீங்களே."

"நீ ஆப்பிள் வாங்கிட்டு வந்தியே," என்றாள் அவள். "அந்த மாதிரிதான்."

சிறைத் தண்டனை கிடைத்தது. அழைத்துப் போகும்போது அவன் மனைவி பெஞ்சில் சரிந்து விழுந்ததை அக்கா பார்த்தாள். அந்த அம்மாள் ஒரு பாவமும் அறியாதவள் என்று தெரிந்தது. தெரிந்தும் அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. தம்பி மனைவிதான் போனாள்.

அக்காவுக்கும் சேதாரம் இல்லாமல் இல்லை. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சாமானை அவருக்கு எதிராகவே வெளியே கொண்டுபோனாள் என்று பரிசோதனைக் கூடம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆலையில் உலைகளை மூடினார்கள். வேன் டிரைவருக்கு வேலை போயிற்று. தெருமுனையில் பார்த்தபோது அவன் கேட்டான்.

"அவனை உள்ள தள்ளினே, சரி. எங்க வயித்துல ஏன்க்கா அடிச்சே?"

"வேற உலை வெடிச்சு நீ செத்திருந்தா உன் பெண்டாட்டிக்கும் நான்தான் வந்து பதில் சொல்லணும்."

"பேச்சுக்கு மட்டும் உங்கிட்ட குறைச்சலே கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் பேசவே இல்லை. அது அவளுக்கு வலித்தது.

பழிவாங்கி முடித்தால் மனசு வெறிச்சோடிப் போகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. தீர்ப்பு வந்த அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். தலை சாய்த்ததும் தூங்கினாள். அவ்வப்போது, பாத்திரம் தேய்க்கும்போதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ, அன்று ஆலை அறையில் அவன் முகம் வெளுத்ததை நினைத்துக்கொள்வாள். மனசுக்கு இதமாக இருக்கும்.

அக்கா மேலாளரிடம் சத்தியம் செய்த விஷயம் தம்பிக்கு வெகுநாள் தெரியாது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் அதைக் கேட்டிருந்த மீசைக்காரர் மனைவி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவள் இப்போது மத்தியானங்களில் வந்து உட்காருவாள். உலைப்பக்கம் தன் புருஷன் என்னவெல்லாம் பேசுவார், யாரைக் கிண்டல் பண்ணுவார் என்று கேட்பாள். தம்பி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அக்கா அன்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவன்கிட்ட வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியா?"

"பண்ணேன்."

"அப்புறம்?"

"அவன்கிட்டதானே பண்ணேன்."

தம்பி அவள் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"அவன் வந்து சொன்ன அன்னிக்கே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு. அதுக்கு மேல நீ பண்ணது எனக்காக இல்ல."

"இல்லதான்."

"உனக்காகப் பண்ணிக்கிட்டே."

"ஆமா."

அவள் சட்டையை உதறி மடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஜெயில்ல அவனைப் பார்க்கப் போகணும்னு இருக்கு," என்றான் தம்பி. "கூட்டிட்டுப் போறியா?"

"எதுக்குடா?"

"சும்மா. எதிர்ல உக்காந்து அவன் பேசறதைக் கேக்கணும். இப்ப எப்படிப் பேசறான்னு."

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் வாயோரத்தில் இருந்த சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் அதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை பார்க்க விடுவாங்களாம்," என்றாள். "அந்த நீலச் சட்டையைத் தேச்சு வெக்கிறேன்."